ஈரப்பதம்

பதினேழுக்கு மேல் போனால் எடுக்க முடியாது.
இந்த ஒரு வாக்கியத்தை
ஆறு வருஷமாக, குறுவைக்கும் சம்பாவுக்கும்,
நெடுவாக்கோட்டைக் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் மேசைக்குப் பின்னாலிருந்து
சொல்லி வருகிறேன்.
ஒரு கைப்பிடி நெல்லைப் போட்டு மூடியை முறுக்கினால்
எண் வரும்.
பல்லில் கடித்துப் பார்த்து
"காஞ்சு கணீர்னு இருக்கும்மா" என்பவர்களிடம்
மீட்டரைத் திருப்பிக் காட்டுவேன்.
அதற்கு மேல் பேச்சில்லை.

போன மாசியில்
வெயிலில் ஸ்வெட்டர் போட்டு உட்கார ஆரம்பித்தேன்.
ஊட்டி கிளார்க் என்று சிரித்தார்கள் மூட்டை தூக்குகிறவர்கள்.
சாக்கு எண்ணுகையில் நாற்பத்து மூன்றுக்குப் பின்
எது வரும் என்று நின்றேன்.
மோதிரம் சோப்பு போட்டும் கழறவில்லை.
குரல் கட்டிப்போய், போனில் என் தங்கை
"மாமா, அக்காகிட்ட குடுங்க" என்றாள்.

மன்னார்குடி டாக்டர்
தாளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.
"அஞ்சு புள்ளி ஒண்ணு. அஞ்சரை வரைக்கும் நார்மல்."
திருப்பிக் காட்டினார்.
அதற்கு மேல் பேச்சில்லை.

இரண்டாமவர் சிவப்பு மாத்திரை எழுதினார்.
திருவாரூரில் மூன்றாமவர் வயது கேட்டு,
நாற்பத்தொன்று என்றதும் தலையாட்டிய விதத்திலேயே
கர்ப்பப்பையைக் கூண்டில் ஏற்றியாகிவிட்டது.
இவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு
"வீட்ல ஏதும் பிரச்சனையா?" என்றார்.
திரும்புகிற பஸ்ஸில் இவர் கேட்டார்:
"என்னைப் பத்தி என்ன சொன்னே?"

எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ள
நாலாயிரத்து இருநூறு ரூபாய்.
சந்தோஷப்படச் சொன்னார்கள்.
ஒன்றுமில்லை என்ற தாளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு
ஒன்றும் முடியாமல் படுத்திருந்தேன்.
ஒரு பெயர் இருந்தால்
அதைச் சொல்லியாவது லீவு கேட்கலாம்.

பக்கிரிசாமி அன்று ஏழரைக்கே குவித்து வைத்திருந்தார்.
பத்தொன்பது என்றது மீட்டர்.
"பனி இன்னும் எறங்கல. மேலாக அள்ளுனா அப்படித்தான் காட்டும்.
மத்தியானம் நடுவுல கைய விட்டுப் பாரு.
அதே நெல்லு, அதே மிசினு."
இதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு.
அன்று அது வாயில் வரவில்லை.

இரண்டு மணிக்கு
முழங்கை வரை குவியலுக்குள் விட்டு எடுத்தேன்.
பதினாறு புள்ளி எட்டு.
அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
பீடி வாங்கப் போய்விட்டார்.
நான்தான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் ரத்தத்தை எப்போது எடுத்தார்கள்?
மூன்று தடவையும்
வேலை விட்டு, பன்னும் டீயும் ஆனபிறகு, சாயங்காலம்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில்
சீட்டு எழுதிக்கொண்டிருந்தது சின்னப் பெண்.
அவளுக்கு நான் அன்றைக்கு நூறாவது ஆளாக இருக்கலாம்.
"நான் நெல்லு பாக்குறவ" என்று ஆரம்பித்தேன்.
"எங்க மீட்டர் காலையில ஒண்ணு காட்டும், மதியம் ஒண்ணு.
இதுக்கும் அப்படி நேரம் உண்டா?"

பேனா நின்றது.
தாளை விட்டு என்னைப் பார்த்தாள்.
"உண்டு."
எழுந்து என் பின்னால் வந்து
கழுத்தில் விரல்களை வைத்து
தண்ணீர் குடித்து முழுங்கச் சொன்னாள்.
முழுங்கினேன். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.
அவள் விரலுக்கு என்ன தட்டுப்பட்டதோ.
"தைராய்டா இல்லாமலும் போகலாம். அப்போ வேற தேடணும்"
என்றாள். சீட்டில் இன்னும் இரண்டு பெயர்கள்.
கையெழுத்து புரியவில்லை.

ஐந்தே முக்கால் பஸ்.
வடுவூர் ஏரி இருக்கிற இடத்தில் வெறும் பனி.
வெறும் வயிறு, ஸ்வெட்டர்,
மடியில் நான்கு பழைய தாள்கள்.
லேப் இரும்புக் கதவைத் தூக்குகிற பையனுக்கு
இன்னும் தூக்கம் கலையவில்லை.
"செங்கமலம் யாரு?"
நான் ஒருத்திதான் நிற்கிறேன்.

கையைக் கட்டி நரம்பைத் தட்டுகிறான்.
வலிக்காதுக்கா, பயப்படாதீங்க என்கிறான்.

பயமில்லை தம்பி.
நல்லா உள்ளே விட்டு எடு.